375 கிலோ விற்றால்தான் விளம்பரக் காசு தேறும்

கேள்வி: பழவேற்காட்டில் என் அக்காவும் அவருடைய மகளிர் குழுவும் காயவைக்கும் நெத்திலிக் கருவாட்டைக் கிலோ 280 ரூபாய்க்கு வாங்கி, திருவொற்றியூர் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் 400 ரூபாய்க்கு விற்கிறேன். கவருக்கு 20, கூரியருக்கு 60 ஆகிறது. மாதம் 60 கிலோ போகிறது. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்து தர ஒருவர் மாதம் 15,000 கேட்கிறார். தண்டலுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதிய கணக்குப்படியே கிலோவுக்கு 40 ரூபாய்தான் நிற்கிறது. மாதத்துக்கு 2,400. அந்த 15,000-ஐ எடுக்கவே கூடுதலாக 375 கிலோ விற்க வேண்டும். எடை போட்டு, கட்டி, கூரியர் கடைக்குத் தூக்கிப் போகும் உங்கள் கூலி இதில் ஒரு பைசாகூடச் சேரவில்லை.

தண்டலில் 10,000 எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலித்தால் 15 சதவீதம்தானே என்று தோன்றும். மறுநாளே அசல் திரும்பிப் போகத் தொடங்குவதால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும்.

முதலில் கூரியர் கட்டணத்தைத் தனியாக வாங்குங்கள். 40 ரூபாய் உடனே 100 ஆகும். சில பேர் முகம் சுளிப்பார்கள், போகட்டும். தண்டையார்பேட்டை, ராயபுரம் ஆட்கள் நேரில் வந்தே வாங்கிக்கொள்வார்கள். அக்காவிடம் மட்டும் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஒரு கிலோ கருவாட்டுக்குச் சுமார் மூன்று கிலோ பச்சை மீன் போகிறது.

விளம்பரத்துக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும், அது இலவசம். கருவாடு வாங்குபவருக்கு இருக்கும் பெரிய சந்தேகம், "மண் இருக்குமா?" என்பதுதான். அக்கா தரையில் போடாமல் வலை கட்டிக் காயவைப்பவர் என்றால் அதை அரை நிமிட வீடியோவாக எடுத்து ஸ்டேட்டஸில் போடுங்கள். உணவுப் பொருள் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் அவசியம். பணம் அனுப்புவதாகச் சொல்லி யாராவது யுபிஐ பின் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்கப் பின் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால் சரக்குக்கு வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. பச்சை மீன் விலை ஏற, கருவாடு கேட்டு ஆட்கள் வருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைக்கவே வழியில்லை. ஆகவே மாசி, பங்குனியில் வாங்கி வைப்பதுதான் லாபம். சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிஷு பிரிவில் 50,000 வரை அடமானமின்றி வங்கியில் கேட்கலாம். அதற்கு முன் வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, விற்ற பணம் முழுவதும் அதில் விழும்படி செய்யுங்கள். வங்கி மேலாளர் வரவு செலவைக் கேட்டால் காட்ட அது உதவும்.