ஸ்கேன் மருந்தில் உள்ள நானோ துகள்கள் நம் வெயிலில் திரண்டுவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. நீண்ட காலமாகச் சீனி வருத்தம். கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் 1.9. ஈரலில் ஒரு கட்டி தெரிகிறது, மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் என்னவென்று சொல்லலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அந்த மருந்தில் நானோ துகள்கள் இருக்குமாம், சூடு பட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டி இரத்தக் குழாயை அடைத்துவிடுமாம் என்று வெளிநாட்டில் இருக்கும் தம்பி எதையோ வாசித்துவிட்டுச் சொல்கிறான். திருகோணமலை வெயிலும் கரண்ட் போவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஏற்றலாமா டொக்டர்?
- உப்புவெளி வாசகர்

பதில்:

பெரும்பாலும் ஏற்றலாம். தம்பி வெயிலை நினைத்துப் பயப்படுகிறார். எனக்குக் கிட்னியின் நிலையைக் காட்டும் அந்தக் கிரியேட்டினின் 1.9 தான் உறுத்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்று. எம்.ஆர்.ஐ.க்கு இன்று வழக்கமாக ஏற்றும் மருந்து நானோ துகளே இல்லை. அது கடோலினியம் என்ற உலோகம். ஒவ்வோர் அணுவையும் ஒரு கரிம மூலக்கூறு சுற்றிப் பிடித்திருக்கும், மருந்து முழுவதும் தண்ணீரில் கரைந்திருக்கும். துகளே இல்லாத இடத்தில் திரள்வதற்கு எதுவும் இல்லை. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் சில மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனால் பிரிந்துபோகிற பொருளும் அல்ல. இந்த மருந்துகளில் பலவற்றைத் தயாரிக்கும்போதே 121 டிகிரி நீராவியில் வைத்துத்தான் கிருமி நீக்குகிறார்கள். அதற்காக வெயிலில் நிற்கும் வானுக்குள் பெட்டியை வைக்கலாம் என்று அர்த்தமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் வெப்பநிலைக்குள் வைப்பதுதான் முறை.

தம்பி வாசித்தது இரும்பு ஆக்சைட் துகள்களைப் பற்றியதாக இருக்கும். அது வெறும் புரளியும் அல்ல. ஈரல் கட்டியைப் பார்ப்பதற்கென்றே அப்படி மருந்துகள் வந்தன. ஈரலுக்குள் குப்ஃபர் செல்கள் என்று ஒரு வகை உண்டு, இரத்தத்தில் வரும் அந்நியத் துகள்களை விழுங்குவது அவற்றின் வேலை. அவை இரும்பை விழுங்கியதும் நல்ல ஈரல் படத்தில் கறுத்துவிடும். புற்றுக்கட்டியில் அந்தச் செல்கள் பெரும்பாலும் இல்லாததால் கட்டி வெளிறித் தெரியும். நல்ல யோசனைதான், ஆனால் போதிய பயன்பாடு இல்லாமல் இந்த மருந்துகள் பெரும்பாலான நாடுகளில் சந்தையை விட்டுப் போய்விட்டன.

துகள்கள் திரளுமா என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. மழைக்காலத்தில் மகாவலி மண்ணிறமாக வந்து கொட்டியாரக் குடாவில் விழும். ஆற்று நீரில் களிமண் துகள்கள் ஒரே வகை மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்து வருகின்றன. கடல் நீரின் உப்பு பட்டதும் அந்தத் தள்ளுவிசை அடங்கிவிடுகிறது. துகள்கள் கூடித் திரண்டு அடியில் படிகின்றன. நம் இரத்தமும் உப்பு நீர்தான். மின்னேற்றத்தை மட்டும் நம்பி மிதக்கும் நானோ துகள் போத்தலுக்குள் வருடக்கணக்கில் தெளிவாக இருந்துவிட்டு, இரத்தத்தில் இறங்கியதும் திரளக்கூடும். அதனால்தான் இரும்புத் துகள்களுக்கு டெக்ஸ்ட்ரான் போன்ற மாச்சத்து உறை போடுகிறார்கள். உறை தடித்து நிற்பதால் உப்பு இருந்தாலும் துகள்கள் நெருங்க முடியாது. அப்புறம் இரத்தப் புரதங்கள் வந்து துகள் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் போர்வையைப் பார்த்துத்தான் ஈரலும் மண்ணீரலும் துகளைப் பிடிக்கின்றன. சுமார் 6 நானோமீற்றருக்குச் சிறிய துகளைக் கிட்னி வெளியே தள்ளிவிடும், பெரியது ஈரலுக்குப் போகும்.

சூட்டைவிட இந்த வகை மருந்துக்கு ஆபத்து குளிர்ப்பெட்டியின் ஐஸ் தட்டுதான். தண்ணீர் உறையும்போது ஐஸ் துகள்களை ஒரு மூலைக்கு நெருக்கித் தள்ளும், உருகிய பிறகு அவை பிரிந்துவராது. 'பழுதாகக்கூடாது' என்று எல்லா ஊசியையும் பிரீசரில் அடைக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு, அதற்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். கிட்னி கிளினிக்கில் அம்மாவுக்கு இரத்தம் குறைவென்று கடுங்கபில நிறத்தில் இரும்பு மருந்து ஏற்றியிருக்கிறார்களா? அயன் சுக்ரோஸ் என்பார்கள். அப்படியென்றால் நானோ துகள் ஏற்கனவே அவர் உடம்புக்குள் போய்வந்துவிட்டது. இரும்பு நடுவில், சீனி உறையாக, அதுவும் அந்த வகைதான். 100 மில்லிகிராம் இரும்புள்ள 5 மில்லிலீற்றர் ஊசியை அதிகபட்சம் 100 மில்லிலீற்றர் சேலைனில்தான் கலக்கலாம். அதற்கு மேல் ஐதாக்கினால் துகள்களின் நிலைத்தன்மைக்கு உத்தரவாதம் இல்லை. தாதி ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடியில் மண்டி தெரிந்தால் அதைப் பாவிக்கக்கூடாது.

துகள்கள் நிலையாக இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். 1930களிலும் 40களிலும் எக்ஸ்ரேக்குத் தோரோட்ராஸ்ட் என்று ஒன்றை ஏற்றினார்கள். தோரியம் ஆக்சைட் துகள்கள், டெக்ஸ்ட்ரின் சேர்த்து மிதக்க வைத்தது. திரளவில்லை, படம் அருமையாக வந்தது, ஏற்றும்போது நோயாளிக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் ஈரலில் போய் உட்கார்ந்த தோரியம் கரையவும் இல்லை, வெளியேறவும் இல்லை. வாழ்நாள் முழுக்க உள்ளேயே கதிர்வீசிக்கொண்டிருந்தது. ஏற்றி 20, 30 வருடம் கழித்துப் பலருக்கு ஈரல் புற்று வந்தது. இரும்புத் துகளை உடல் மெல்லக் கரைத்துத் தன் இரும்புச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளும், தோரியத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. புதிதாக ஒரு நானோ மருந்து வருகிறதென்றால் அது எத்தனை மாதம் போத்தலில் கெடாமல் இருக்கும் என்பதைவிட, வேலை முடிந்ததும் எந்த வழியாக வெளியே போகும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, அந்த 1.9க்கு வருவோம். 61 வயதுப் பெண்ணுக்கு இந்த அளவென்றால் கிட்னி வடிகட்டும் வேகம், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., ஏறத்தாழ 30. இந்த மருந்தை ஏற்றுமுன் யோசிக்க வேண்டிய எல்லைக் கோட்டில் சரியாக நிற்கிறார். கடோலினியம் அதைப் பிடித்திருக்கும் மூலக்கூறை விட்டுக் கழன்றால் நஞ்சு. நல்ல கிட்னி என்றால் ஒன்றரை மணி நேரத்தில் பாதி சிறுநீரில் போய்விடும், கழல நேரமிருக்காது. கிட்னி மிகவும் பழுதானவர்களிடம் அதே பாதி போக ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அப்படிப்பட்ட சிலருக்குத் தோல் தடித்து இறுகி, கைகால் மடக்க முடியாமல் போனது. அது இந்த மருந்தால்தான் என்று 2006இல் தெரியவந்தது.

கழல்வது மூலக்கூறின் வடிவத்தைப் பொறுத்தது. வளையமாகச் சுற்றிப் பிடிக்கும் வகை பிடியை எளிதில் விடாது. திறந்த சங்கிலி வகை அந்த அளவுக்கு உறுதியல்ல, ஐரோப்பாவில் 2017இல் அவற்றில் பலவற்றை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஈரலுக்கென்று மட்டும் பாவிக்கும் ஒரு சங்கிலி வகையை அங்கேயே விட்டுவைத்தார்கள். அதன் அளவு குறைவு, பாதி பித்தத்தோடு வெளியேறும், சிறு கட்டிகளையும் நன்றாகக் காட்டும். அம்மாவுக்கு அதையே எழுதியிருக்கலாம். ஆகவே பெயரைப் பார்த்ததும் சண்டைக்குப் போகாதீர்கள். 'கிட்னி 30இல் நிற்கிறது, இந்த மருந்து பரவாயில்லையா, வளைய வகையில் செய்ய முடியாதா' என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது எங்கள் வேலை.

கிரியேட்டினினை ஸ்கேனுக்குச் சில நாள் முன் திரும்பவும் பாருங்கள், பழைய துண்டை நம்ப வேண்டாம். வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் என்று ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லித் திகதியை மாற்றுங்கள், நீர் வற்றிய கிட்னி இன்னும் கீழே போகும். முன்பு ஏதாவது ஊசிக்கு அலர்ஜி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இரும்பு ஏற்றியிருந்தால் பெயரும் திகதியும் வேண்டும். வெளிநாடுகளில் ஏற்றும் ஃபெரூமொக்சிடோல் என்ற இரும்பு மருந்து மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. படத்தை மாற்றிக் காட்டக்கூடும். கிளினிக் கொப்பியை அப்படியே கொண்டுபோய் ஸ்கேன் அறையில் காட்டுங்கள், அதில் எல்லாம் எழுதியிருக்கும்.