இரண்டு வாரம் தங்க வந்தவர் ஆறு மாதமாக இருக்கிறார், இப்போது ஜாமீன் கையெழுத்தும் கேட்கிறார்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் வீடு. கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, சம்பளம் 24,000 ரூபாய். முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. பறிகூலி, உரம் போக நல்ல மாதத்தில் 5,000 நிற்கும். வீடு மாமியார் பெயரில், மாமா ரிட்டையர் ஆன பணத்தில் வாங்கியது. மாடி அறையை சீசனில் டூரிஸ்ட்டுக்கு விடுவோம். போன வருடம் ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் 28,000 கிடைத்தது.

இந்த ஏப்ரலில் கணவரின் பெரியம்மா மகன் திருப்பூரிலிருந்து வந்தார். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். பனியன் கம்பெனியில் வேலை போன விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. அக்டோபர் வந்துவிட்டது, ஆள் போகவில்லை. ராத்திரியானால் ஹீட்டர், நடுராத்திரி வரை டிவி சத்தம். பிளஸ் டூ படிக்கும் மகள் சமையலறையில் உட்கார்ந்து படிக்கிறாள். சனி ஞாயிறு என்றால் கீழே இருந்து நண்பர்கள் வேறு வந்துவிடுகிறார்கள், அவர்களுக்கும் நான்தான் சமைக்க வேண்டும். 300 ரூபாய்க்குள் வந்துகொண்டிருந்த கரண்ட் பில் கடைசி இரண்டு தடவையும் 3,800 வரை வந்தது. இரண்டு தவணையாக 35,000 கடன் வாங்கியிருக்கிறார். இப்போது பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்று வாங்கப் போகிறாராம். ஃபைனான்ஸில் 4 லட்சம் கடனுக்குக் கணவர் ஜாமீன் போட வேண்டுமாம், ஆதாரையும் எங்கள் விலாசத்துக்கு மாற்ற வேண்டுமாம். மாமியாருக்கு அவர் இறந்துபோன அக்காவின் பிள்ளை, ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார். கணவருக்குக் கூச்சம். "கொடுத்த காசு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்கிறார். அவரிடம் மாதம் எவ்வளவு வாங்கினால் சரியாக இருக்கும்?

— பெயர் வேண்டாம், நீலகிரி

பதில்: சகோதரி, மாதம் எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் கடைசியில் ஒளிந்திருக்கிறது, அந்த ஜாமீன் கையெழுத்து. இந்த வாரத்துக்குள் அதற்கு "முடியாது" என்று பதில் போயாக வேண்டும்.

ஜாமீன் என்றால் "ஆள் நல்லவர்" என்று சாட்சி சொல்வது என்றுதான் நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்காரருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவரைத் துரத்திப் பார்த்துவிட்டு அப்புறம் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் ஃபைனான்ஸ்காரருக்குக் கிடையாது. நிலையான வேலை, மாதச் சம்பளம், சொந்த ஊர் எல்லாம் உங்கள் கணவரிடம் இருக்கும்போது அவர் யார் வீட்டு வாசலுக்கு முதலில் வருவார்? 4 லட்சம், நான்கு வருடம், பழைய வண்டி என்பதால் வட்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 11,750 ரூபாய். உங்கள் கணவரின் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி. இலை விலை விழுந்த மாதத்தில் இதையும் கட்ட வேண்டி வந்தால் அடுப்பு எரியாது.

இதைவிட எனக்குக் கவலை உங்கள் மகள். அடுத்த ஜூனில் கல்லூரி. கல்விக் கடன் தேவைப்பட்டால் பெற்றோர் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும், வங்கி அவருடைய சிபில் பதிவை, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்ற பதிவைப் பார்க்கும். ஜாமீன் போட்ட கடனும் அந்தப் பதிவில் ஏறும். அண்ணன் இரண்டு தவணை தவறினால் அந்தக் கறை தம்பி பெயரில்தான் படியும். பெண்ணின் படிப்பா, அண்ணனின் வண்டியா என்று கணவரிடம் நேராகவே கேளுங்கள். கூச்சத்தோடு ஜாமீன் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் வருவது உண்டு. கூச்சத்தோடு மறுத்துவிட்டு அதனால் கஷ்டப்பட்டேன் என்று இதுவரை யாரும் வரவில்லை.

ஆதார் விலாசமும் வேண்டாம். அனுமதியோடு வந்து தங்கியவர் எத்தனை காலம் தங்கினாலும் அதனால் மட்டும் வீட்டில் உரிமை வந்துவிடாது, சட்டத்தில் அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் அந்த விலாசத்தில் ஆதார், கடன் பத்திரம், வண்டியின் ஆர்சி என்று சேர்ந்துவிட்டால், ஆள் போன பிறகும் வசூலுக்கு வருபவர்கள் உங்கள் கேட்டில்தான் நிற்பார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. மாதாமாதம் ஒரு தொகை வாங்க ஆரம்பித்தால் விருந்தாளி குடித்தனக்காரர் ஆகிவிடுவார், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு வழி கிடைக்கும். தமிழ்நாட்டில் 2017ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகைக்கு விட்டால் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், காலி செய்யச் சொல்லவும் தனி நடைமுறை உண்டு. ஒப்பந்தம் இல்லாமல் "மாதம் 3,000 கொடுக்கிறேனே" என்று ஒருவர் நிற்கும் நிலைமை உங்களுக்கு எதற்கு? அதோடு, 3,000 கொடுக்க ஆரம்பித்தவர் ஹீட்டரை இன்னும் உரிமையோடு போடுவார். வேலை இல்லாதவர் இரண்டு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார் என்பது வேறு விஷயம்.

அந்த ஹீட்டரைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், மாமியாரிடம் காட்ட உதவும். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ராத்திரிக்கு நான்கு மணி நேரம் என்றால் 8 யூனிட், அறுபது நாள் பில்லுக்கு 480 யூனிட். உங்கள் பழைய பில்லை வைத்துப் பார்த்தால் வீட்டுச் செலவு 210 யூனிட் அளவில் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் 690. யூனிட் மூன்று மடங்குதான் ஏறியிருக்கிறது, பில் மட்டும் ஏன் பத்து மடங்குக்கு மேல்? இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நிற்காது. 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும், மேலே போகப் போக ஒவ்வொரு படியிலும் விலை ஏறும். இது அக்டோபர்தான். நவம்பர் கடைசியில் உறைபனி ஆரம்பித்தால் நான்கு மணி நேரம் எட்டு மணி நேரமாகும். மலையில் பிறந்த நீங்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படுக்கிறீர்கள், கீழே இருந்து வந்தவருக்கு மட்டும் ஹீட்டர்! அதை எடுத்து வைத்துவிட்டு இரண்டு கம்பளி கொடுங்கள். கரி மூட்டிக்கொள்கிறேன் என்றால் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும், நம் மலைகளில் அப்படி நடந்திருக்கிறது.

மொத்தமாக இதுவரை எவ்வளவு போயிருக்கும்? சாப்பாட்டுக்கு மாதம் 4,000 என்று குறைவாகவே வைக்கிறேன், நண்பர்கள் கணக்கில் இல்லை. ஆறு மாதத்துக்கு 24,000. கரண்ட் இரண்டு பில்லில் 7,000. கேஸ் 2,000 என்று வையுங்கள். சீசனில் விடாமல் போன அறை 28,000. கைக்கடன் 35,000. ஆக 96,000 ரூபாய். இது நான்கு மாதச் சம்பளம். இதில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்து போனது 35,000 மட்டும்தான், கணவரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அவரோடு சண்டையே அந்த இடத்தில்தான். "கொடுத்த காசு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்கிறார். காசு வர வேண்டுமானால் அண்ணனுக்கு வேலை வேண்டும். வேலை திருப்பூரில் இருக்கிறது, அவர் கோத்தகிரியில் கம்பளிக்குள் இருக்கிறார். கடனுக்காக அவரைக் காத்து வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் சாப்பாடும் கரண்ட்டும் கேஸும் சேர்த்து 6,000 ரூபாய்க்கு மேல் போகிறது. ஆறு மாதத்தில் கடன் தொகையே இன்னொரு தடவை செலவாகிவிடும். அந்த 35,000-ஐ இப்போதைக்கு வராத பணம் என்று ஒதுக்கி வையுங்கள். விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தேதி போட்டு, அவர் கையாலேயே ஒரு புரோநோட் எழுதி வாங்குங்கள். பணம் வராவிட்டால் மூன்று வருடத்துக்குள் கோர்ட்டில் கேஸ் போட வேண்டும். அதற்குள் ஒரு பகுதி கொடுத்து, கொடுத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, "இன்னும் தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம்.

சரி, எப்படி அனுப்புவது? பண்டிகைக்கு முன்னால் அனுப்பினால் சொந்தத்தில் பேச்சு வரும், மாமியாருக்கும் மனது கேட்காது. தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, பலகாரம் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். 2024 மே முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் போட்டு, எத்தனை நாள் தங்கல் என்று அரசாங்கமே கேட்கிறது. வீட்டுக்காரர் கேட்பதில் என்ன தப்பு?

சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் "மருமகள் துரத்திவிட்டாள்" என்று காலத்துக்கும் நிற்கும். ஆனால் வீடு மாமியார் பெயரில் இருப்பதால் அவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். கணவர் முதலில் அம்மாவோடு உட்காரட்டும். அக்கா பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் சொல்லக் கூடாது, டிவி, நண்பர்கள், சாப்பாடு எதுவும் வேண்டாம். இரண்டு கரண்ட் பில்லையும் முன்னால் வைத்து, பேத்திக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு, மாடி அறை வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். எந்தப் பாட்டியும் பேத்தியின் படிப்பு என்றால் இறங்கி வருவார்.

அப்புறம் அண்ணனிடம்: "அண்ணா, ஜாமீன் போட எனக்கு வசதி இல்லை, பொண்ணு படிப்புக்கு நானே பேங்க்குக்குப் போகணும். தீபாவளி முடிஞ்சு திருப்பூர்ல ஒரு ரூம் பாருங்க, முதல் மாச வாடகையும் அட்வான்ஸும் நான் கட்டறேன்." இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும், 96,000 போனது போதாதா என்று. போதும்தான். ஆனாலும் அவர் இங்கே இன்னும் மூன்று மாதம் இருந்தால் 18,000 தானாகப் போகும். அதற்கு 15,000-க்குள் ஒரு அறையைப் பிடித்துக் கொடுத்து அனுப்புவது லாபம், போக இடமில்லை என்று சொல்லவும் வழி இருக்காது. பணத்தை அவர் கையில் கொடுக்காமல் திருப்பூர் வீட்டுக்காரரின் கணக்கில் நேராகப் போடுங்கள். 15,000-க்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம், வண்டிக்கு முன்பணம் என்று கேட்டாலும்.

சொன்ன ஞாயிறு வந்தும் கிளம்பவில்லை என்றால் மாடி அறையில் மகளின் மேஜையையும் புத்தகங்களையும் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், அவருக்கு ஹாலில் பாய் போடுங்கள். சாமானை வெளியே வைப்பது, பூட்டை மாற்றுவது என்று மட்டும் இறங்காதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது ஸ்டேஷன் வரை போகிற வேலை எதற்கு. இரண்டு வாரம் கழித்தும் அப்படியே என்றால், மாமியார் சார்பில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும். பெரும்பாலும் பாய் வரைக்கும்கூடப் போகாது.

ஒரு விஷயம் மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். வீட்டுப் பட்டா, மாமியாரின் பத்திரம், கணவரின் சம்பளச் சீட்டு, ஆதார் நகல் எல்லாம் மாடி அறை பீரோவில் இருந்தால் கீழே எடுத்து வந்துவிடுங்கள்.