பதினான்கு அரசாணிக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் வீட்டுக் கொல்லையில் ஒரே சமயத்தில் 14 மஞ்சள் பூசணி விளைந்திருக்கிறது. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மீதியைச் சித்திரை வரை வைத்துச் சாப்பிட முடியுமா, ஃப்ரிட்ஜில் வைக்கலாமா, ஒரு காயின் அடிப்பக்கம் மெத்தென்று இருக்கிறதே அதை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். கொடியில் இன்னும் சில காய்கள் நிற்பதாகவும் சொல்கிறார். அது நல்லதாகப் போயிற்று.

எங்களுக்கு கோபிச்செட்டிபாளையம் பக்கம். தஞ்சாவூர்க்காரர்கள் பரங்கிக்காய் என்பதை இங்கே அரசாணிக்காய் என்போம். அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன், கை அப்படித்தான் வருகிறது.

முதலில் நான் சொதப்பிய கதை. வேலையை விட்டு ஊருக்கு வந்த முதல் வருடம் ஆடிப்பட்டத்தில் மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பின்னால் வேலியோரமாக நாலு குழி போட்டேன். எருக்குழி பக்கத்திலேயே இருந்ததால் கொடி காடாகப் படர்ந்தது, 23 காய். கார்த்திகைக் கடைசியில் இரண்டு மழைக்கு நடுவே ஒரே நாளில் அத்தனையையும் பறித்தேன். கத்திகூட எடுக்கவில்லை, முறுக்கி முறுக்கி இழுத்தேன். பாதிக் காய்க்குக் காம்பு கையோடு வந்துவிட்டது. மீதியைக் காம்பைப் பிடித்துப் பை மாதிரி தூக்கி வந்தேன். மண் ஒட்டியிருந்ததா, பைப்பைத் திறந்து பளபளவென்று கழுவி, சாமான் அறையின் மூலையில் சிமெண்ட் தரையில் கோபுரமாக அடுக்கி, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியும் ஆயிற்று.

இருபது நாள் கழித்து அறையில் ஒரு நாற்றம். எலி செத்திருக்கிறது என்று நினைத்துச் சாக்கையெல்லாம் புரட்டினேன். எலி இல்லை. அடுக்கின் அடியில் இருந்த காய் கூழாகி, அந்தத் தண்ணீர் பக்கத்துக் காய்களுக்கு அடியில் ஓடி நின்றிருந்தது. மொத்தம் ஒன்பது காய் போயிற்று. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "காயைக் குளிப்பாட்டி அடுக்குனவன இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறை சரியில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த ஒன்பதும் பறித்த அன்றே கெட்டுப்போனவை. நாற்றம் வர இருபது நாள் ஆயிற்று, அவ்வளவுதான். அதனால் வைக்கும் இடத்தைப் பற்றிச் சொல்வதைவிட வெட்டும் நாளைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. உங்கள் கொடியில் மீதி நிற்கும் காய்களுக்கு இது உதவும்.

வைத்துச் சாப்பிட வேண்டிய காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். தோலில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. பச்சை போய்ப் பழுப்பு மஞ்சளாகி, தோலின் பளபளப்பு மங்கியிருக்கும். காம்பு பச்சை மாறிக் கட்டை மாதிரி இறுகியிருக்கும். காய்க்குப் பக்கத்தில் உள்ள பற்றுச்சுருள் காய்ந்திருக்கும். இதில் நான் நம்புவது நகத்தையும் காம்பையும்தான். தட்டிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்தக் காது இல்லை. இளசாக வெட்டியதைக் கூட்டு வைத்துச் சாப்பிடலாம், ருசியாகவே இருக்கும், ஆனால் அது மாதக்கணக்கில் நிற்காது.

வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறேன். மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் வெயில் பார்த்துத்தான் கத்தியை எடுப்பது. காய்க்கு மேலே மூன்று நாலு விரற்கடை காம்பு நிற்கிற மாதிரி வெட்ட வேண்டும். அந்தக் காம்புதான் காய்க்கு மூடி. அது பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்தக் குழி வழியாகப் பூஞ்சணம் நேராக உள்ளே போய்விடும். எனவே காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. குழந்தையைத் தூக்குகிற மாதிரி அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு வைப்பார். வடிகிற பால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் நானும் செய்கிறேன். கழுவ வேண்டாம், மண்ணை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

காயின் அடியில் மண்ணைத் தொட்டுக் கிடந்த இடம் வெளுத்து மெல்லிசாக இருக்கும். பெரும்பாலும் அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்த முறை காய் தேங்காய் அளவு வரும்போதே அடியில் ஓட்டுத் துண்டோ ஒரு கை வைக்கோலோ கொடுத்துவிடுங்கள். பழ ஈ குத்திய காய்களையும் கவனியுங்கள். பிஞ்சாக இருக்கும்போது அது முட்டை வைத்த இடம் சின்னத் தழும்பாகவோ பிசின் கட்டியோ தெரியும். வெளியே அழகாக இருந்தாலும் உள்ளே புழு ஓடியிருக்கலாம். அந்த மாதிரிக் காயை அடுக்கில் சேர்க்காதீர்கள்.

வெட்டியதும் நேராக அட்டாலிக்கு (பரணுக்கு) ஏற்றாமல் பத்து நாள் வெளியில் ஆறவிடுங்கள். குளிர் நாடுகளில் இதை க்யூரிங் என்று சொல்லி, 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து நாள் வைக்கிறார்கள். தோல் இறுகும், சின்னக் கீறல்கள் ஆறிப் பொருக்குக் கட்டும். அந்தச் சூட்டுக்கு நாம் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், நம் ஆசாரத்திலும் (கூடத்திலும்) தாழ்வாரத்திலும் சும்மாவே இருக்கிறது. காற்று வர வேண்டும், நேர் வெயில் படக்கூடாது. வெயிலில் காய வைத்தால் நல்லது என்று மொட்டை மாடியில் போட்டால் ஒரு பக்கம் வெந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். முழுக் காய்க்குப் பத்து டிகிரிக்குக் கீழே போனாலே ஆகாது. தோலில் சின்னச் சின்னக் குழி விழுந்து, வெளியே எடுத்ததும் அழுக ஆரம்பிக்கும். அரசாணிக்குச் சௌகரியம் 10 முதல் 15 டிகிரி, கொஞ்சம் உலர்ந்த காற்று. அந்தச் சூட்டில் நிலவறை வைத்திருப்பவர்களின் கணக்கைப் படித்துவிட்டு நம் ஊரிலும் ஆறு மாதம் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊட்டியில் இருந்தால் வேறு கதை. என் அனுபவத்தில் கார்த்திகைக் கடைசியில் வெட்டிய நல்ல காய் மாசி முடிய பயமில்லாமல் நிற்கும். பங்குனி வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகத் தளரும். சித்திரை வரை வருவது நாலில் ஒன்றுதான்.

வைக்கும் இடம் நிழலாக, காற்றோட்டமாக, எலி ஏறாததாக இருந்தால் சரி. நான் அட்டாலியில் பலகை போட்டு, பானைக்கு வைக்கிற வைக்கோல் பிரிமணை மாதிரி ஆளுக்கொரு வளையம் செய்து உட்கார வைக்கிறேன். ஒன்றை ஒன்று தொடக்கூடாது, ஒன்றின் மேல் ஒன்றும் கூடாது. சிமெண்ட் தரை ஈரத்தை இழுக்கும், அதில் நேராக வைக்க வேண்டாம். பக்கத்திலேயே வாழைத்தாரைப் பழுக்கப் போட வேண்டாம், பழுக்கும் பழத்தில் இருந்து வரும் எத்திலீன் வாயு காயையும் சீக்கிரம் தளர்த்திவிடும். அடுக்களைக்கு மேலே உள்ள பரணும் வேண்டாம், சூடும் ஆவியும் அங்கேதான் போய் நிற்கும். ஃபிளாட்டில் இருப்பவர் என்றால் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாளைச் சுருட்டி வளையமாக்கி வைக்கலாம். என் தங்கை கோயம்புத்தூரில் அப்படித்தான் வைத்திருக்கிறாள், மாப்பிள்ளைக்குத்தான் பிடிக்கவில்லை.

வாரம் ஒரு முறை ஒவ்வொன்றையும் தூக்கி அடியைத் தடவிப் பாருங்கள். எறும்பு நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். ஒரு காயைச் சுற்றி வரிசை போனால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எதை முதலில் சாப்பிடுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். காம்பு போனது, கீறல் விழுந்தது, இளசாக வெட்டியது எல்லாம் முதல் மாதத்திலேயே குழம்புக்குப் போய்விட வேண்டும். அழகான காயை முதலில் வெட்ட ஆசை வரும், நல்லது முதலில் போய் நொள்ளை மட்டும் மிஞ்சும்.

வைத்திருந்த காயில் ஒரு லாபமும் உண்டு. மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறுவதால் வெட்டிய அன்றைக்கு இருப்பதைவிட ஒரு மாதம் கழித்து இனிப்பு கூடுதலாக இருக்கும். தைப்பொங்கல் கூட்டுக்கு அது சரியான பருவம். அதற்கப்புறம் தண்ணீர் சுண்டி எடை குறையும். 4.2 கிலோ இருந்த காய் பத்து வாரத்தில் 3.6 ஆனதை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் விட்டால் நார் தட்டும். ஒரு தடவை வைகாசியில் வெட்டியபோது உள்ளே விதைகள் முளைத்து வெள்ளை வேர் விட்டிருந்தன, என் பையன் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனான். கடைசி வரை நிற்கிற காயின் விதையைத்தான் அடுத்த ஆடிக்கு எடுத்து வைக்கிறேன். தேனீ வேறு அரசாணி ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்திருந்தால் குணம் மாறும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

சாம்பல் பூசணி போட்டிருந்தால் அது இன்னும் சுலபம். முற்றியதும் சுணை உதிர்ந்து மேலே வெள்ளைச் சாம்பல் பூத்துவிடும். அது மெழுகு. ஈரம் வெளியே போகாமல் காக்கிறது. அதைத் துடைத்துவிடாமல் உறியில் கட்டித் தொங்கவிட்டால் எங்கள் வீட்டில் அரசாணியைவிட இரண்டு மாதம் கூடவே நிற்கும்.

வெட்டிவிட்ட காய்க்கு ஃப்ரிட்ஜ்தான். விதையையும் நடுவில் உள்ள சோற்றையும் வழித்தெடுத்துவிட்டு வையுங்கள், பூஞ்சணம் அங்கேதான் முதலில் பிடிக்கும். நாலைந்து நாள் தாங்கும். ஒரேயடியாக நிறைய இருந்தால் வேகவைத்து மசித்து டப்பாவில் ஃப்ரீசரில் போடலாம். ஒரு விஷயம்: வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் கொட்டிவிடுங்கள். குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு அது, வேகவைத்தாலும் போகாது.

அந்த மெத்தென்ற காய்க்கு வருகிறேன். பார்க்கலாம் என்று நாளைக்குத் தள்ளாதீர்கள், மற்ற காய்களிடம் இருந்து இப்போதே பிரித்து, இன்றைக்கே வெட்டுங்கள். அழுகல் தோலோடு நின்று சதை மணமாக, கெட்டியாக இருந்தால் அந்த இடத்தைச் சுற்றித் தாராளமாக நாலு விரல் தள்ளி எறிந்துவிட்டு மீதியைப் புளிக்குழம்பு வையுங்கள். உள்ளே நீர் விட்டு நாறினால் எருக்குழிக்குப் போகட்டும். அங்கே எப்படியும் ஆடியில் இரண்டு கொடி தானாக முளைக்கும்.