இங்கிலாந்தின் போர் நினைவுக்கல்லில் ஒரே குடும்பப் பெயர் பலமுறை வந்தால், அதாவது போரில் மாண்டவர்களின் பட்டியலில், அவர்கள் சகோதரர்களா என்று கண்டறிவது எப்படி?

முதல் உலகப் போர் என்றால் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்குங்கள். இங்கிலாந்தின் கிராமத்துக் கற்களில் பெரும்பாலும் முதலெழுத்துதான் இருக்கும். முழுப்பெயர், வயது, ஒரே கூரையின் கீழ் யார் யார் என்பதெல்லாம் கணக்கெடுப்பில் உண்டு. சித்தப்பா பிள்ளையை உடன்பிறந்தவன் என்று எண்ணிவிடுவதே வழக்கமான பிழை.

அடுத்து படை எண், அதாவது ஒவ்வொரு சிப்பாய்க்கும் படையில் தரப்பட்ட எண். ஒன்றாகப் போய்ச் சேர்ந்த சகோதரர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் கிடைத்திருக்கலாம். ஆனால் வேறு படைப்பிரிவுக்கு மாற்றினால் எண்ணும் மாறும். பிராந்தியப் படையினருக்கு (பகுதிநேரத் தன்னார்வப் படை) 1917இல் புது எண்கள் தரப்பட்டன. ஒரே ஆளை இருவராக எண்ணிவிடாதீர்கள்.

சேவைக் கோப்பு கிடைக்கவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். 1940 செப்டம்பரில் லண்டன் மீது நடந்த ஜெர்மானியக் குண்டுவீச்சில் சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. பதக்க அட்டை, தாய்க்கு வழங்கிய ஓய்வூதிய அட்டை, போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவு ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். பெற்றோர் பெயர் பொருந்துவதே வலுவான சான்று.

குளோஸ்டர்ஷயரின் கிரேட் ரிஸிங்டன் கிராமத்து சோல்ஸ் குடும்பத்தைப் பாருங்கள். ஐந்து மகன்கள் மாண்டார்கள். ஆல்பர்ட், ஃபிரெட், வால்டர் 1916இல். இரட்டையர்களான ஆல்ஃபிரட்டும் ஆர்தரும் 1918 ஏப்ரலில், ஐந்து நாள் இடைவெளியில். ஃபிரெட்டின் உடல் கிடைக்கவே இல்லை. அதனால் கல்லறைப் பட்டியலோடு நிறுத்தாமல், பிரான்சின் தியெப்வால் போன்ற நினைவுச்சின்னங்களின் பெயர்ப்பட்டியலையும் தேடுங்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கும்.