டிக்கியில் வாட், கதவில் ஓட்டை: கார் ஆடியோ கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி சப் வூஃபரை (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) பற்றியவை. பதில்கள் பெரும்பாலும் முன் கதவைச் சுற்றித்தான் இருக்கும், கோபிக்க வேண்டாம்.

ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் இருக்கும் செட்) பெட்டியில் 50×4 வாட் என்று போட்டிருக்கிறது. கடையில் 300 வாட் ஸ்பீக்கர் மாட்டச் சொல்கிறார்கள். இந்த செட் அதற்குப் பத்துமா? (மதுரை)

இரண்டுமே பெட்டியில் அச்சடிப்பதற்கான எண்கள். ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), கார் பேட்டரியின் வோல்டேஜை வைத்துக்கொண்டு ஒரு சேனலுக்கு 18 முதல் 22 வாட் வரைதான் தொடர்ந்து தரும். மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் அல்லது தாங்கும் வாட்) என்ற வரியைத் தேடிப் பாருங்கள். 300 வாட் ஸ்பீக்கரிலும் ஆர்எம்எஸ் 50, 60 என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த எண்தான் கணக்கு.

ஆம்ப் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் வாட்டை விட்டுவிட்டு சென்சிடிவிட்டியைப் பாருங்கள், அதாவது 1 வாட் கொடுத்தால் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்ற எண்ணை. 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும், 6 டெசிபல் குறைந்தால் நான்கு மடங்கு. உங்கள் 20 வாட்டுக்கு 92 டெசிபல் ஸ்பீக்கர் உயிரோடு பாடும். 86 டெசிபல் ஸ்பீக்கர், விலை இரண்டு மடங்காக இருந்தாலும், தூங்கும். இதிலும் ஒரு தந்திரம் உண்டு. சில கம்பெனிகள் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட்டில் அளந்து போடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட். அதனால் அந்த எண்ணில் 3 டெசிபலைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பட்ஜெட் 30,000 ரூபாய். காரோடு வந்த டச் ஸ்கிரீன் நன்றாகவே இருக்கிறது. முதலில் சப் வூஃபரா, ஸ்பீக்கரா? (திருப்பூர்)

முதலில் கதவு. டோர் பேடைக் கழற்றினால் உள்ளே மெல்லிய தகடும், அதில் கை நுழைகிற அளவு ஓட்டைகளும், அவற்றின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளும் தெரியும். ஸ்பீக்கர் கோனின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இந்த ஓட்டைகள் வழியாக இரண்டும் சந்தித்தால், தாழ்ந்த ஸ்தாயியில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 'பேஸே இல்லை' என்று சப் வாங்க ஓடுகிறவர்களில் பலருக்குக் குறை இங்கேதான்.

வெளித் தகட்டின் உட்புறத்தில் பியூட்டைல் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் ரப்பர்) ஒட்டி, உள் தகட்டின் பெரிய ஓட்டைகளை அலுமினியத் தகடு வைத்து மூடச் சொல்லுங்கள். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் யாரும் அடைக்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், அடைத்தால் துரு நிச்சயம். விலை குறைவு என்று தார் ஷீட்டைக் காட்டுவார்கள். நம் ஊர் மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி, நாறி, ஒழுகும். ஸ்பீக்கர் வளையத்துக்கும் சாதாரண எம்டிஎஃப் பலகை வேண்டாம், தண்ணீர் பட்டால் உப்பிவிடும். பிளாஸ்டிக் வளையம் போதும்.

பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கதவுக்கு ஒதுக்குங்கள். அடுத்து முன் கதவுக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர், பிறகு சின்ன நான்கு சேனல் ஆம்ப். இரண்டு சேனல் முன்பக்கத்துக்கு. மீதி இரண்டையும் அடுத்த வருடம் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனலாகச் சேர்த்து, சப் வூஃபருக்குக் கொடுக்கலாம். பின் கதவு ஸ்பீக்கர்கள் கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும். கச்சேரியில் முதுகுக்குப் பின்னாலிருந்து யாரும் பாடுவதில்லை.

கோஆக்சியலா, காம்பொனென்ட்டா? (நாகர்கோவில்)

கோஆக்சியலில் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே இருக்கும், காம்பொனென்ட்டில் தனியாக வரும். காரில் ஏற்கெனவே ட்வீட்டருக்கு இடம் இருந்தால் காம்பொனென்ட், இல்லையென்றால் கோஆக்சியல். கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் ட்வீட்டருக்காக ஏ பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) துளை போட யாரையும் விடாதீர்கள்.

ஆம்ப் கெய்னை முக்கால் வரை திருகி வைத்தார்கள். முதலில் சத்தம் பிரமாதம். இரண்டே மாதத்தில் ட்வீட்டர் போய்விட்டது. 'ஆம்ப் பத்தவில்லை, பெரியது வாங்குங்கள்' என்கிறார்கள். (சேலம்)

வாங்காதீர்கள். கெய்ன் என்பது வால்யூம் திருகு இல்லை. ஹெட் யூனிட் அனுப்பும் வோல்டேஜும் ஆம்பின் முழுத் திறனும் ஒரே இடத்தில் முடிகிற மாதிரிப் பொருத்துவதற்கான திருகு அது. அந்த அளவைத் தாண்டித் திருகினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் சராசரி பவர் ஏறுகிறது, பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்களும் முளைக்கின்றன. அவை நேராகப் போய்ச் சேருவது ட்வீட்டரில்.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே செட் செய்யலாம். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யத்தில், பேஸ் பூஸ்ட் ஆஃப், ஆம்பின் ஃபில்டர்களும் ஆஃப். கெய்னை முழுக்கக் குறைத்துவிட்டு, ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து 0 டெசிபல் டெஸ்ட் டோனை ஓட விடுங்கள். கதவு ஸ்பீக்கர்களுக்கு 100 ஹெர்ட்ஸ், சப்புக்கு 50. எல்லோரும் 1000 ஹெர்ட்ஸ் என்பார்கள். மலிவு மீட்டர்கள் பலவும் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது, அதனால்தான் இறங்கச் சொல்கிறேன்.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஆம்பின் ஆர்எம்எஸ் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 4 ஓமில் 75 வாட் என்றால் 300-இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். மீட்டர் அதைக் காட்டும்வரை கெய்னை மெதுவாகத் திருகி அங்கேயே நிறுத்துங்கள். சப் சேனல் 2 ஓமில் 300 வாட் என்றால் 24.5 வோல்ட். ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் ஆம்பை விடக் குறைவு என்றால் ஸ்பீக்கரின் வாட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். வயர்களைத் திரும்ப மாட்டியதும் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்), சப்புக்கு 80 லோ பாஸ் (அதற்குக் கீழுள்ளதை மட்டும் விடுவது). ஓட்டும்போது வால்யூம் அந்த முக்கால் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஞொய்ங்' என்ற சத்தமும் ஏறுகிறது. ஃபில்டர் வாங்கவா? (திருச்சி)

ஆல்டர்னேட்டர் சத்தம். ஃபில்டர் கடைசிப் புகலிடம், மலிவானவை பேஸையும் சேர்த்துத் தின்னும். வண்டியை ஆஃப் செய்து, ஆம்பிலிருந்து ஆர்சிஏ கேபிளை (ஹெட் யூனிட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் கேபிள்) பிடுங்கிவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஹெட் யூனிட் பக்கம் அல்லது கேபிளில். நிற்காவிட்டால் ஆம்பின் எர்த்தில். எர்த் வயர் அரை மீட்டருக்குள், பவர் வயரின் அதே கனத்தில், பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருந்தால் மாற்றுங்கள். பவர் கேபிள் காரின் ஒரு பக்கம் போனால் ஆர்சிஏ மறுபக்கம் போகட்டும்.

பானட்டைத் திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பவர் கேபிளின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா? ஆம்பில் உள்ள ஃபியூஸ் ஆம்பைத்தான் காப்பாற்றும். கேபிள் வழியில் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் காரைக் காப்பாற்றுவது பேட்டரி பக்கத்து ஃபியூஸ். அது இல்லையென்றால் இன்றே கேபிளைப் பேட்டரியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

சப் வூஃபரில் 4+4 ஓம் என்று இரண்டு காயில். மோனோ ஆம்ப் 1 ஓம் வரை தாங்கும். 1 ஓமில் இணைக்க முடியுமா? (சென்னை)

முடியாது. பேரலலில் 2 ஓம், சீரிஸில் 8. ஒரே சப்பில் 1 ஓம் வேண்டுமென்றால் 2+2 வாங்கியிருக்க வேண்டும். வருத்தப்பட வேண்டாம், 2 ஓமில் ஆம்ப் சூடாவதும் குறைவு. ஓமைவிடப் பெட்டியைக் கவனியுங்கள். உங்கள் ஊர் ஜி.பி. ரோட்டில் அடுக்கியிருக்கும் ரெடிமேட் பெட்டி எல்லா சப்புக்கும் ஒத்துவராது. சப்போடு வரும் தாளில் எத்தனை கன அடி என்று இருக்கும், அதன்படி அடித்துத் தரச் சொல்லுங்கள். குத்துப்பாட்டுதான் அதிகம் என்றால் போர்ட்டட் (காற்றுத் துளை வைத்த பெட்டி). மிருதங்கமும் பேஸ் கிட்டாரும் பிரிந்து கேட்க வேண்டுமென்றால் சீல்டு (முழுக்க மூடிய பெட்டி).

டிரைவர் சீட்டில் வலது ஸ்பீக்கர் மட்டுமே காதில் விழுகிறது. பேலன்ஸை இடப்பக்கம் திருப்பினால் ஏதோ ஒட்டவில்லை. (கோவை)

பேலன்ஸ் சத்தத்தைத்தான் மாற்றும், வந்துசேரும் நேரத்தை மாற்றாது. உங்கள் செட்டில் டைம் அலைன்மென்ட் (ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகத் தாமதப்படுத்தும் வசதி) இருந்தால் பேலன்ஸை நடுவில் விட்டு, டேப்பால் தலையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். வலது 85, இடது 135 என்றால் வித்தியாசம் 50, ஆக வலதுக்கு 1.5 மில்லி செகண்ட் தாமதம் கொடுங்கள். அப்புறம் கண்ணை மூடிக் கேளுங்கள் (வண்டி நிற்கும்போது!). பாடுகிறவர் டேஷ்போர்டின் நடுவில் வந்து உட்கார வேண்டும். எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் குரல் கலைந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், எல்லாக் கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இந்த செட்டிங் மோசமாகக் கேட்கும். குடும்பத்தோடு போகும்போது வேறு ப்ரீசெட் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி போய்விடுமா? (ஓசூர்)

ஒரிஜினல் வயரை வெட்டாமல், கப்ளர் (செருகி இணைக்கும் கனெக்டர்) வைத்து இணைக்கச் சொல்லுங்கள். ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் (ஸ்பீக்கர் வயரிலிருந்தே பாட்டை எடுத்துக்கொள்ளும் ஆம்ப்) வாங்கினால் ஹெட் யூனிட்டைத் தொடவே வேண்டாம். இருந்தாலும் வேலைக்கு முன் வாரண்டி புத்தகத்தைப் படித்துவிடுங்கள். பழைய ஸ்பீக்கர்களைப் பரணில் போட்டு வையுங்கள், காரை விற்கும்போது பயன்படும்.

சிஎன்ஜி வண்டி. டிக்கி முழுக்க சிலிண்டர். சப்புக்கு வழி உண்டா? (வேலூர்)

சீட்டுக்கு அடியில் போடும் 8 அங்குல ஆக்டிவ் சப் வாங்குங்கள், ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும் முன் சீட்டை முன்னும் பின்னும் கடைசிவரை நகர்த்தி, அடியில் எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அங்கே ஏசி குழாய் போகிறதா என்றும் பாருங்கள். ஸ்க்ரூ அடிக்க வேண்டுமென்றால், காருக்கு அடியில் கேஸ் பைப் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் டிரில்லை எடுக்க விடாதீர்கள்.