இரண்டு பம்பு இருந்தால் போதுமா?

கேள்வி: குளிர்நீர் நின்றுபோகும் அபாயத்துக்குப் பிழை மரம் (எந்தெந்தக் கோளாறு சேர்ந்தால் அபாயம் வரும் என்று காட்டும் படம்) வரைந்தோம். இரண்டு பம்புகள், ஒன்று நின்றால் மற்றொன்று ஓடும். தேவைப்படும்போது ஒரு பம்பு ஓடாமல் போகும் வாய்ப்பு 0.01. அண்ட் கேட் (இரண்டும் கெட்டால்தான் அபாயம் என்ற இணைப்பு) என்பதால் பெருக்கி 0.0001 என்று போட்டோம். தணிக்கையாளர் ஏற்க மறுக்கிறார். ஏன்?

பதில்: அவர் மறுப்பது நியாயம்தான். இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் கெடும் என்றால்தான் பெருக்கலாம். இரண்டுக்கும் மின்சாரம் ஒரே பேனலிலிருந்து வருகிறதா? தண்ணீர் ஒரே ஸ்ட்ரெய்னர் (குப்பை பிடிக்கும் வடிகட்டி) வழியாகவா? அப்படியானால் பேனலும் ஸ்ட்ரெய்னரும் அண்ட் கேட்டுக்கு வெளியே, மேல் நிகழ்வுக்கு (குளிர்நீர் நிற்பதற்கு) நேர்கீழே ஆர் கேட்டில், அதாவது ஏதாவது ஒன்று கெட்டாலே போதும் என்ற இணைப்பில், வர வேண்டும். பேனல் கெடும் வாய்ப்பு 0.001 என்று வைத்தாலே விடை 0.0011, நீங்கள் போட்டதைவிடப் பதினொரு மடங்கு.

அதோடு முடியவில்லை. ஒரே மாடல், ஒரே கிரீஸ், ஒரே ஆள் சர்வீஸ் என்றால் இரண்டும் ஒரே காரணத்தால் சேர்ந்து கெடலாம். பம்பின் கோளாறுகளில் பத்து சதவீதம் இப்படிப் பொதுவானவை என்று கொண்டால் இன்னொரு 0.001 சேரும். மூன்றாவதாக அதே பம்பையே வாங்கி வைத்தாலும் இந்தப் பகுதி பெரிதாகக் குறையாது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் நடந்த விபத்தில் அவசர ஊட்டுநீர்ப் பம்புகள் ஓடத்தான் செய்தன. ஆனால் இரு பாதைகளிலும் வால்வுகள் மூடிக் கிடந்தன. சுமார் எட்டு நிமிடம் கழித்தே திறக்கப்பட்டன. பம்பை மட்டும் எண்ணும் மரத்தில் இது அகப்படாது.

அந்த 0.01 எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். சும்மா நிற்கும் பம்புக்கு, கோளாறு வீதத்தைச் சோதனை இடைவெளியால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். வீதம் ஆண்டுக்கு 0.02, சோதனை ஆண்டுக்கு ஒருமுறை என்றால் 0.01 சரி. மூன்றாண்டு ஓட்டிப் பார்க்காமல் விட்டால் 0.03.

கேள்வி: கலனில் அழுத்தம் எகிறுவது ஆண்டுக்கு 0.1 முறை. அலாரம் பலிக்காமல் போக 0.1, ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றும் வால்வு) திறக்காமல் போக 0.01. நிகழ்வு மரத்தில் (ஒரு தொடக்க நிகழ்விலிருந்து ஒவ்வொரு பாதுகாப்பும் பலித்ததா இல்லையா என்று கிளை பிரியும் படத்தில்) ஆண்டுக்கு 0.0001 என்று வருகிறது. சரியா?

பதில்: கணக்கு சரி. தொடக்க நிகழ்வை மட்டும் ஆண்டுக்கு இத்தனை என்றும், கிளைகளை வாய்ப்பாகவும் போட்டிருக்கிறீர்கள். பலர் இங்கேதான் சறுக்குவார்கள். ஆனால் அழுத்தம் எகிறக் காரணமே டிரான்ஸ்மிட்டர் (அழுத்தத்தை அளந்து அனுப்பும் கருவி) தவறாகக் காட்டியதுதான் என்றால், அதே டிரான்ஸ்மிட்டரை நம்பியிருக்கும் அலாரமும் ஒலிக்காது. அந்தக் கிளைக்கு 0.1 அல்ல, 1. விடை ஆண்டுக்கு 0.001. ரிலீஃப் வால்வுக்குக் கீழே கைவால்வு இருக்கிறதா, திறந்த நிலையில் பூட்டியிருக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே 0.01 எழுதுங்கள்.