கடல்நீர் கலவை, உப்பு சேர்மம்: ஏன் இந்த வித்தியாசம்?

"கடல்நீர், உப்பு இரண்டிலும் சோடியம் குளோரைடுதானே இருக்கிறது, அப்புறம் ஏன் உப்பு மட்டும் தூய பொருள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இயைபு, அதாவது எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற விகிதம், மாறுமா, மாறாதா என்று பாருங்கள். பிடி அங்கேதான் இருக்கிறது.

சோடியம் குளோரைடை எங்கே எடுத்தாலும் 23 கிராம் சோடியத்துக்கு 35.5 கிராம் குளோரின்தான். கடல்நீர் அப்படியில்லை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் என்பது சராசரிதான். முகத்துவாரத்தில் மழைத் தண்ணீர் கலந்தால் குறையும், கடுங்கோடையில் ஏறும்.

ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் நடப்பதே நல்ல பாடம். பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட, முதலில் கால்சியம் கார்பனேட் படியும், அடுத்து ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட். அதற்கப்புறம்தான் சமையல் உப்பு பூக்கும். மிஞ்சுகிற கசப்பு நீரில் மெக்னீசியம் உப்புகள் தங்கிவிடும். வெயிலும் காற்றுமே பிரித்துவிட்டன. புதிய பொருள் எதுவும் உண்டாகவில்லை. அதனால் கடல்நீர் கலவை.

உப்பிலிருந்து சோடியத்தைப் பிரிக்க வெயில் போதாது. உப்பு உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகியதில் மின்சாரம் செலுத்த வேண்டும். கிடைக்கும் சோடியம் தண்ணீர் பட்டால் சீறி எரியும் உலோகம், குளோரின் நச்சு வாயு. இரண்டும் தனிமங்கள், அதாவது இதற்கு மேல் வேறு எளிய பொருளாகப் பிரிக்க முடியாதவை. அவை மாறாத விகிதத்தில் வேதியியல் முறையில் இணைந்திருப்பதால் உப்பு சேர்மம். தனிமமும் தூய பொருள்தான், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சரி, மழைக்காலத்தில் கல்லுப்பு ஏன் கசிகிறது? அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. ஆக, கறாராகப் பார்த்தால் கல்லுப்பும் கலவைதான், அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பும் அப்படியே. பாடப்புத்தகம் சேர்மம் என்று சொல்வது தூய சோடியம் குளோரைடை மட்டும்தான்.